நூல் விற்று வாங்கிய விடுதலை - நாகர்கோவில் ரேந்தையின் கதை

கடையில் கேபிள் டிசைன் போட்ட ஒரு கம்பளி மஃப்ளரை எடுத்து அதன் அட்டையைப் படித்துப் பாருங்கள். நூலில் அல்பாகா எவ்வளவு சதவீதம், செம்மறிக் கம்பளி எவ்வளவு சதவீதம், எப்படித் துவைக்க வேண்டும், விலை என்ன என்று எல்லாம் இருக்கும். பின்னி முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று மட்டும் இருக்காது!

கேபிள் டிசைன் என்பது கயிறு முறுக்கியது போலத் தெரியும் பின்னல். இரண்டு ஊசிகளில் பின்னிக்கொண்டே வரும்போது சில கண்ணிகளை மூன்றாவதாக ஒரு சின்ன ஊசியில் எடுத்து ஓரமாக நிறுத்தி வைப்பார்கள். அடுத்த கண்ணிகளை முதலில் பின்னி விட்டு, நிறுத்தி வைத்ததைப் பிறகு பின்னுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி முறுக்கு விழுந்துவிடும். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் வளரும் அல்பாகாவின் ரோமம் மிகவும் மென்மையானது. ஆனால் இழுத்தால் திரும்பி வரும் தன்மை அதற்குக் குறைவு. தனி அல்பாகாவில் பின்னினால் முறுக்கு தொய்ந்து போகும். அதனால்தான் செம்மறிக் கம்பளி கலந்த நூலில் பின்னுகிறார்கள். பழகிய கைக்கே ஒரு மஃப்ளர் முடிய முப்பது, நாற்பது மணி நேரம் ஆகலாம்.

நூலுக்குக் கணக்கு உண்டு, நேரத்துக்குக் கணக்கு இல்லை. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்யும் நூல் வேலை எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். ஆனால் சுமார் இருநூறு வருடங்களுக்கு முன் நம் தென்கோடியில், அப்படிப்பட்ட ஒரு வேலைக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்து சில பெண்கள் ஒரு பெரிய பொருளை வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது தங்களையே!

ரேந்தை என்றால் என்ன?

லேஸ் என்று இன்று நாம் சொல்வதற்குத் தமிழில் ரேந்தை என்று ஒரு பெயர் உண்டு. இது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். அவர்கள் மொழியில் லேஸுக்கு 'ரெண்டா' என்று பெயர். இலங்கையிலும் இதே சொல் வழங்குகிறது. காலி, வெலிகம பக்கம் இன்றும் செய்யப்படும் பீரளு லேஸும் போர்த்துக்கீசியர் காலத்து வரவுதான்.

ஊசி இரண்டு இருந்தால் ஸ்வெட்டர் பின்னல். கொக்கி ஊசி ஒன்று இருந்தால் குரோஷா. தலையணை ரேந்தைக்கு இந்த இரண்டும் தேவையில்லை. கெட்டியாக அடைத்த ஒரு தலையணையின் மேல் டிசைன் குத்திய அட்டையை வைத்து, புள்ளி புள்ளியாகக் குண்டூசி குத்துவார்கள். சின்னச் சின்ன மரக்கட்டைகளில் (பாபின்) நூலைச் சுற்றி, அவற்றை ஜோடி ஜோடியாக ஒன்றின் மேல் ஒன்று மாற்றிப் போட்டு முறுக்குவார்கள். கேபிள் டிசைனில் கண்ணிகள் இடம் மாறுகின்றன, இங்கே நூல்களே இடம் மாறுகின்றன. அகலமான டிசைன் என்றால் டஜன் கணக்கில் கட்டைகள் ஓடும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில அங்குலம்தான் நகரும். கண்ணுக்கும் கைக்கும் அப்படி ஒரு வேலை.

1819: நாகர்கோவில்

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. (கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.) லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் மயிலாடியில் ஊழியம் தொடங்கினார். அவர் போன பிறகு 1818-ல் சார்லஸ் மீட் வந்தார். அடுத்த வருடக் கடைசியில் சார்லஸ் மால்ட் தன் மனைவி மார்த்தா மால்ட்டுடன் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்.

வரலாற்றுப் புத்தகங்களில் பெரும்பாலும் கணவர்களின் பெயர்கள்தான் வரும். ஆனால் இந்தக் கதையின் நாயகி மார்த்தா மால்ட்தான். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே ஊரில் யாரும் கேட்டிராத காலம். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட பெற்றோர்தான் அதிகம். பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும், சாப்பாடு போட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். 1820-களின் தொடக்கத்தில் அந்த அம்மையார் பள்ளிப் பெண்களுக்கு ரேந்தை செய்யக் கற்றுக் கொடுத்தார். அதை வாங்க அன்றைய இந்தியாவில் ஆள் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்களில் கவுன் ஓரத்துக்கும் கைக்குட்டைக்கும் லேஸ் வைத்துத் தைப்பது வழக்கம். சீமையிலிருந்து கப்பலில் வரவழைப்பதை விட நாகர்கோவில் ரேந்தை சுலபமாகக் கிடைத்தது.

விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. பெண்களுக்கும் கூலி கிடைத்தது. அந்த வட்டாரத்தில் ஒரு பெண் தன் கைவேலைக்குத் தனியாகக் காசு வாங்குவது சாதாரண விஷயம் அல்ல.

எட்டில் ஒருவர் அடிமை

அந்தக் காசு என்ன செய்தது என்று புரிய வேண்டுமானால் அன்றைய திருவிதாங்கூரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1836-ல் அங்கே எடுத்த மக்கள் கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் என்று எழுதப்பட்டவர்கள் 1,64,864 பேர். எட்டுப் பேரில் ஒருவருக்கும் அதிகம்!

இவர்களில் பெரும்பாலோர் புலையர், பறையர் போன்ற சாதிகளைச் சேர்ந்த வயல் வேலைக்காரர்கள். நிலத்தைப் போலவே இவர்களையும் விற்றார்கள், ஒத்திக்கு வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அரசாங்கமே அடிமைகளை வைத்திருந்தது.

மால்ட் அம்மையாரின் பள்ளிக்கு வந்த பெண்களில் இப்படிப்பட்ட அடிமைப் பெண்களும் இருந்தார்கள். ரேந்தை செய்து கிடைத்த கூலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சொந்தக்காரனுக்கு விலை கொடுத்து, தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அடிமை என்பவள் முதலாளியின் கணக்கில் ஒரு சொத்து. அவளுக்கு ஒரு விலை உண்டு, ஆனால் அவள் உழைப்புக்குக் கூலி கிடையாது. அந்தச் சொத்தே காசு சம்பாதித்து, வாங்குபவளாக முதலாளியின் எதிரில் வந்து நிற்கிறது! எந்தப் பேரேட்டிலும் இதை எழுத சரியான பத்தி இருந்திருக்காது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகளில் ரேந்தையால் விடுதலை பெற்றவர்கள் மிகச் சிலராகத்தான் இருந்திருப்பார்கள். தலையணையும் பாபினும் அடிமை முறையை ஒழிக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ல் அடிமை முறைக்கு எதிரான சட்டம் வந்தது. சமஸ்தானத்தில் அது செல்லாது என்பதால் 1847-ல் மிஷனரிகள் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1853-ல் அரசாங்க அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று அறிவிப்பு வந்தது. 1855-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில்தான் அடிமை முறை முழுவதுமாக ரத்து ஆனது. ரேந்தை செய்த பெண்கள் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

குப்பாயம்

அதே ஊரில், அதே காலத்தில், ஊசியும் நூலும் இன்னொரு பெரிய சண்டைக்கும் காரணமாக இருந்தன. நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைத்து மேலாடை போடக் கூடாது என்பது அங்கே வழக்கமாக இருந்தது. கிறிஸ்தவர்களாக மாறிய பெண்கள் அணிய ஒரு தளர்வான ரவிக்கை உருவானது. அதற்குக் குப்பாயம் என்று பெயர். மீட், மால்ட் குடும்பத்துப் பெண்கள் நடத்திய பள்ளிகளில் தையலும் ஒரு பாடம் என்பதால், படித்த பெண்கள் தங்கள் குப்பாயத்தைத் தாங்களே தைத்துக்கொள்ள முடிந்தது.

இதைப் பொறுக்காதவர்கள் சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். 1820-களிலும், மறுபடியும் 1858-59-லும் கலவரம் நடந்தது. வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது. அப்போதும்கூட மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. மிஷனுக்கு வெளியேயும் இந்தத் தன்மானப் போராட்டம் நடந்தது. அதே மண்ணில் அய்யா வைகுண்டர் தன் வழி வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான்.

வெள்ளைக்கார சீமாட்டியின் கவுன் ஓரத்துக்கு ரேந்தை செய்த பெண், தன் உடம்பை மூட ஒரு சாதாரண ரவிக்கை போட்டால் தெருவில் அடி வாங்கினாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் முழுதாகத் தெரியும்.

இடையன்குடிக்குப் போன ரேந்தை

மால்ட் தம்பதியின் மகள் எலைசா தமிழைக் காதில் கேட்டு வளர்ந்தவர். 1844-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ராபர்ட் கால்டுவெல்! 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அதே கால்டுவெல்தான். கால்டுவெல்லைப் பற்றித் தமிழில் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. எலைசாவைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை.

இருவரும் திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, தேரிக்காட்டு மணல் சூழ்ந்த இடையன்குடியில் குடியேறினார்கள். தாய் நாகர்கோவிலில் செய்ததை மகள் இங்கே செய்தார். பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார், கூடவே ரேந்தையும் கற்றுக் கொடுத்தார். இடையன்குடி பனைமரத்தை நம்பிய ஊர். ஆண்கள் பனை ஏறிப் பதனீர் இறக்குவார்கள், பெண்கள் புகையில் நின்று அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். பனைத் தொழில் வருடத்தில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் கையில் காசு வர ரேந்தை ஒரு வழியாக இருந்தது. கரி படிந்த கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அந்த வெள்ளை நூலைத் தொட்டிருக்க முடியும். ஒரு கறை பட்டாலும் துண்டு விலை போகாது.

தாயிடமிருந்து மகளுக்கு என்று இந்த வேலை தலைமுறைகளாகக் கைமாறி, 20-ஆம் நூற்றாண்டிலும் நாகர்கோவில், இடையன்குடி வட்டாரத்தில் தொடர்ந்தது.

கேபிள் டிசைனுக்கும் இதே கதைதான்

கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தில், 1814-ல். அவர் இடையன்குடியில் இருந்தபோது பிறந்த நாட்டில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து (1845 முதல்) பத்து லட்சம் பேர் அளவுக்கு இறந்தார்கள். அங்கேயும் பெண்களைக் காப்பாற்றியவற்றில் ஒன்று நூல் வேலை. 1847-ல் குளோன்ஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற பாதிரியார் மனைவி, பஞ்சத்தில் அடிபட்ட பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்றுக் கொடுத்து விற்க வழி செய்தார். மார்த்தா மால்ட்டும் எலைசாவும் இங்கே செய்ததைத்தான் அவர் அங்கே செய்தார்.

கேபிள் டிசைனுக்கு உலகப் புகழ் தேடித் தந்ததும் அயர்லாந்துதான். மேற்குக் கரையை ஒட்டிய ஆரன் தீவுகளின் ஸ்வெட்டர்தான் இன்றைய கேபிள் மஃப்ளர்களுக்கெல்லாம் முன்னோடி. ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் ஒரு டிசைன், கடலில் மூழ்கி இறந்தால் அதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு கதை சொல்லி விற்பார்கள். அது உண்மை அல்ல. ஜான் சிங் 1904-ல் அரங்கேற்றிய ஒரு நாடகத்தில், இறந்தவனின் காலுறையில் விட்டுப்போன கண்ணிகளை எண்ணித் தங்கை அடையாளம் காண்பாள். குடும்ப டிசைன் கதை அதிலிருந்து வளர்ந்ததாகத்தான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உண்மையில் ஆரன் ஸ்வெட்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அந்த ஏழ்மையான மேற்குக் கரையில் மக்களுக்கு வருமானம் வரட்டும் என்று 1891-ல் அரசு ஒரு வாரியம் அமைத்து மீன்பிடிப்பையும் வீட்டுத் தொழில்களையும் வளர்த்தது. தீவுப் பெண்கள் வெளியூர் ஸ்வெட்டர்களைப் பார்த்து, தங்கள் கற்பனையையும் சேர்த்து இதைப் பின்னினார்கள். பிறகு ஏற்றுமதி வந்தது, வீட்டிலிருந்தே துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் பின்னினார்கள்.

புராதனக் கதை நன்றாக விற்கிறது. கூலிக்குப் பின்னிய பெண்ணின் கதை விற்பதில்லை.

நரசாப்பூர்: மறுபக்கம்

நாகர்கோவிலில் நூல் விடுதலை வாங்கித் தந்தது என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிக் கதைதான் ஆகும். மீதியைத் தெரிந்துகொள்ள ஆந்திரத்தின் நரசாப்பூருக்குப் போக வேண்டும். கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள இந்த ஊரிலும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகத்தான் குரோஷா லேஸ் வந்தது. பிறகு அது மிஷன் கையை விட்டு வியாபாரிகளின் கைக்குப் போய், பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது.

ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் கடைசியில் அங்கே ஆய்வு செய்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வேலையில் இருப்பதாகக் கணிக்கப்பட்ட காலம் அது. வியாபாரி ஏஜெண்ட் மூலம் நூல் அனுப்புவார். பெண்கள் வீட்டில் பின்னித் திருப்பித் தருவார்கள். நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம் பின்னியும் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் ஒரு சிறு பகுதிதான் கிடைத்தது. ஏன்? அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்', ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்று வியாபாரி சொன்னார், குடும்பம் சொன்னது, அரசாங்கக் கணக்கும் சொன்னது. ஏன், பல பெண்களே அப்படித்தான் நினைத்தார்கள். லாபம் பார்த்த ஆண்கள் 'ஏற்றுமதியாளர்' ஆனார்கள்.

நாகர்கோவிலிலும் நரசாப்பூரிலும் நூல் ஒன்றுதான், விரல் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வந்தது? நாகர்கோவில் அடிமைப் பெண்ணுக்கு அவள் வேலை 'வேலை' என்று எண்ணப்பட்டது. கூலி அவள் கையில் வந்தது, சேர்த்து வைக்க முடிந்தது. நரசாப்பூரில் வேலை 'பொழுதுபோக்கு' ஆகிவிட்டது. பொழுதுபோக்குக்கு யார் கூலி பேசுவார்கள்?

இன்றைய கணக்கு

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. காலையில் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் நின்று பார்த்தால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்களில் ஷிப்டுக்குப் போகும் பெண்களைப் பார்க்கலாம். தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்களும் அவர்களில் உண்டு. சம்பளம் போதுமா, வேலை நிரந்தரமா என்பதெல்லாம் வேறு விவாதம். ஆனால் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஓவர்டைம் எல்லாம் எங்கோ பதிவாகிறது. சம்பளம் பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. குறைந்தால் கேட்க ஒரு தாள் இருக்கிறது.

அதே பஸ் போகும் தெருக்களில் வீட்டிலிருந்தே தையல், பூ கட்டுதல், குரோஷா என்று செய்யும் பெண்களுக்கு அந்தத் தாள் இல்லை. வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் ஓர் உடன்படிக்கை (எண் 177) கொண்டு வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் யார் என்று ஒரு வரையறையாவது இருக்கிறது. அது ஒரு தொடக்கம்தான்.

கடைசியாக அந்த மஃப்ளருக்கே வருவோம். 35 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு வெறும் 60 ரூபாய் போட்டால்கூடக் கூலி மட்டும் 2,100 ரூபாய். அதற்கு மேல் நூல் விலை, கடை வாடகை, கடைக்காரர் லாபம். இத்தனையும் சேர்ந்த விலையை விடக் குறைவாக ஒரு கைப்பின்னல் மஃப்ளர் கிடைத்தால், அந்தத் தள்ளுபடியைக் கொடுப்பது கடைக்காரர் அல்ல, பின்னிய பெண்தான். கணக்குப் பாடத்தில் பொருள் செலவு, கூலி, மேற்செலவு என்று மூன்று தலைப்பில் எழுதச் சொல்லித் தருவார்கள். அந்த இரண்டாவது தலைப்பை யாரோ காலியாக விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நாகர்கோவிலில் தலையணை முன் உட்கார்ந்த அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் செய்த ரேந்தையும் என்றோ கிழிந்து போயிருக்கும். தங்களுக்காக அவர்கள் கொடுத்த விலை என்ன, அதற்கு எத்தனை முழம் ரேந்தை வேண்டியிருந்தது என்பதை மட்டும் அவர்கள் மனக்கணக்காகவே தெரிந்து வைத்திருப்பார்கள்.